விழுப்புரம் என்று அவர்கள் அழைத்த என் மகள்

காலை எட்டே முக்காலுக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த என் மகள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் போன். நான் பள்ளிக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன்.

"இன்னாடி ஆச்சு?"

"திண்டிவனம் செத்துட்டாங்கம்மா."

வேறு யார் கேட்டாலும் இது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. புரிந்ததும் முதலில் எனக்குள் வந்தது துக்கம் இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது.

திண்டிவனம் என்பது ஓர் அம்மாள். அவர்களுடைய வாட்சப் குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். செஞ்சி, மரக்காணம், வானூர், திருக்கோவிலூர் என்று அறுபது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் வீட்டு மாடியிலும் ஒரு மழைமானி. காலை எட்டரைக்கு அதில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளந்து, குழுவில் ஓடும் பட்டியலில் அவரவர் ஊருக்கு நேராக எழுத வேண்டும். என் மகள்தான் விழுப்புரம். குழுவைத் தொடங்கி நடத்தியவர் திண்டிவனம்.

மழை பெய்யாத நாளிலும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு சைபர் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். போடாமல் விட்டால் திண்டிவனத்திடமிருந்து கேள்வி வரும். சித்திரை வெயிலில் இவள் தினமும் படியேறுவதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. இன்னாத்தப் போய் அளக்கற?"

"இல்லன்றதையும் பார்த்துட்டுத்தாம்மா சொல்லணும்."

அந்த வாக்கியம் என் மகளுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவள் வாயில் வந்த நல்ல வாக்கியங்கள் எல்லாமே திண்டிவனத்திலிருந்து வந்தவைதான்.

அதற்கு முந்தைய வருடம், சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள், ஒரு பையோடு திரும்பி வந்து, "இனிமே போகல" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. எட்டு மாதம் தன் அறையை விட்டு அவள் அதிகம் வெளியே வரவில்லை. அவள் அப்பா ஓசூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் நான் ஒருத்திதான். பள்ளியில் இரண்டு பாடவேளைக்கு நடுவே போன் செய்வேன். எடுக்கவில்லை என்றால் எடுக்கும் வரை போடுவேன். எடுத்தால், "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் எனக்குக் கேள்வி வராது. அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தேன். திருவாமாத்தூர் கோயிலுக்கு வா, ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். வரவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சுடிதார் மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வருகிறேன் என்றாள். திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு பார்சல் வருகிறதாம், போனில் பார்த்துச் சேர்ந்த ஏதோ குழுவுக்காக. பின்னாலேயே நானும் போனேன், அவளுக்குத் தெரியாமல், ஷேர் ஆட்டோவில். அவள் வாங்கிக்கொண்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் புனல், ஒரு ஜாடி, கோடு போட்ட ஓர் அளவுக் குவளை. அவ்வளவுதான். என் கண்ணீருக்கும் சாமிக்கும் அசையாதவளை ஒரு புனல் வெளியே வரவழைத்திருந்தது.

நான் அறிவியல் ஆசிரியை. மழைமானி பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு வருடா வருடம் நடத்துகிறவள். என்னிடம் கேட்டிருந்தால் நானே செய்து கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு அவள் பேசத் தொடங்கினாள். என்னிடம் இல்லை. போனில் அந்த அம்மாளின் குரல் பதிவுகள் வரும். அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு தோசை தின்றபடி கேட்பாள், நடுவில் சிரிப்பாள். என்ன ஜோக்கு என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்பாள். ஒரு நாள் ரசத்தில் மிளகைக் குறைத்து சீரகத்தைக் கூட்டிப் போட்டிருந்தாள். திண்டிவனம் சொன்ன கைப்பக்குவமாம். நன்றாகத்தான் இருந்தது. நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து அந்த அம்மாளின் முகத்தைத் தேடியிருக்கிறேன். படம் இருக்கும் இடத்தில் ஒரு மேகம்தான் இருந்தது. முகத்தை முதன்முதலில் பார்த்தது அவர் இறந்த அன்றுதான். குழுவின் படமாக அவர் படத்தை மாற்றியிருந்தார்கள். என் வயதுதான். தலைக்குச் சாயம் போடவில்லை. மாரடைப்பாம், தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஐயோ பாவம் என்று நினைக்க முயன்றேன். என்னைவிடச் சிரித்த முகம் என்றுதான் தோன்றியது.

அடுத்த நாள் காலையில் குழுவில் ஒரு சண்டை. வழக்கம்போலப் பட்டியல் ஓடியது. ஒவ்வொருவராகத் தங்கள் அளவைப் போட்டார்கள். திண்டிவனம் என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், மரக்காணத்துக்காரர், கடலுக்குப் போகிற மனிதர், அந்த வரியில் தானே ஒரு சைபர் போட்டு, கும்பிடும் கையையும் போட்டுவிட்டார். மரியாதைக்குச் செய்ததுதான். என் மகள் குரல் பதிவில் கத்தினாள். கூடத்தில் நின்றுகொண்டு, காது மடல் சிவக்க.

"அண்ணா, யாரு மேல ஏறிப் பார்த்தாங்க? நீங்க பார்த்தீங்களா? பார்க்காம எப்படி சைபர் போடுவீங்க? காலியாவே வுடுங்க. அவங்க இல்ல. இல்லன்னா அந்த எடம் காலியாத்தான் இருக்கணும்."

அவர் உடனே அழித்துவிட்டார். "தப்புதாம்மா விழுப்புரம். கை தானா போட்டுடுச்சு" என்று பதில் போட்டார்.

ஒரு வருடமாக அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கேட்டதில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் செத்தால் எனக்காக இப்படிச் சண்டை போடுவாளா என்று யோசித்தபடி கேரியரைக் கழுவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் வீடியோ காலில் கூடி அவரைப் பற்றிப் பேசினார்கள். மகள் கூடத்தில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் இட்லிப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டே கேட்டேன்.

மரக்காணத்துக்காரர் சொன்னார்: "ஒரு நாளு குவளையில ஊத்தாம, ஜாடியப் பார்த்தே உத்தேசமா பன்னெண்டுன்னு போட்டுட்டேன். உடனே போன் வந்துடுச்சு. 'மரக்காணம், உங்க கண்ணுல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கா?'ன்னு கேட்டாங்க. கட்டுமரத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்." அவரே சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார்.

செஞ்சிப் பக்கத்து சமணக் குடும்பத்து அம்மாள் ஒருவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம். "பொழுது இறங்கறதுக்குள்ள நாங்க சாப்பிட்டு முடிச்சிடுவோம்னு அவங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் போன் போடுவாங்க, ஒரு நாளும் தப்பாம" என்றார்.

பிறகு என் மகளின் முறை.

"ஹாஸ்டல்ல இன்னா நடந்துச்சுன்னு நான் யாருக்கும் சொல்லல. எங்க வீட்லகூட தெரியாது. அவங்ககிட்ட மட்டும்தான்..."

நான் மிக்சியைப் போட்டேன்.

மிளகாய் ஆறவில்லை. சூட்டோடு போட்டால் ஆவி கட்டும், காரம் ஏறும். தெரியும். இருந்தும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் நம்பரில் திருப்பினேன். அறுபது பேர் கேட்கிறார்கள், பெற்றவளுக்குத் தெரியாததை. கடலில் போகிறவருக்குத் தெரியப்போகிறது, மல்லாட்டை விதைப்பவருக்குத் தெரியப்போகிறது, எனக்குத் தெரியாது. அதை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எனக்குக் கேட்கும்படி அவள் சொல்வாள், நான் பொடி அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் ஓடியது.

மிக்சியை நிறுத்தியபோது கூடம் காலியாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டிருந்தாள். நான் தெரிந்துகொள்ளத் தவித்தது பத்தடி தூரத்தில் சொல்லப்பட்டது. அதை நானே அரைத்துத் தள்ளிவிட்டேன்.

கொடியில் துணி எடுக்கும் சாக்கில் மேலே போனபோது வீடியோ கால் முடிந்திருந்தது.

"இன்னா பேசின?"

"ஒண்ணுமில்லம்மா. மொளகா நெடி மேல வரைக்கும் வருது."

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திண்டிவனம் போக வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கும்மா? உனக்கு அவங்கள ஆவாது."

"யாரு சொன்னது?"

"தெரியும்."

"உன்னத் தனியா அனுப்ப முடியாது" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வீட்டை நான் பார்க்க வேண்டும். என் பெண்ணுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

சாதாரண வீடுதான். வாசலில் பந்தல், உள்ளே மாலை போட்ட படம், சாம்பிராணிப் புகை. நாங்கள் நுழைந்ததும் ஓர் அம்மாள் எழுந்து வந்து, வீடியோவில் பார்த்த முகத்தை வைத்தே, "விழுப்புரமா? ஐயோ, இவ்ளோ ஒல்லியா இருக்கியேடி!" என்று என் மகளைக் கட்டிக்கொண்டார். செஞ்சி. அதுவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"இவளோட அம்மா."

"அப்ப நீங்க பெரிய விழுப்புரம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறந்தவரின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை. ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இருபத்தெட்டு வருஷம் நானு விழுப்புரம், செஞ்சி, மரக்காணம்னு கத்துனேன் டீச்சர். ரிட்டயர் ஆயி வீட்ல உக்காந்தா, இவ அதையே கத்திக்கினு இருக்கா. 'விழுப்புரம் இன்னும் வரல, மரக்காணம் லேட்டு'ன்னு. டெப்போவே வூட்டுக்கு வந்துட்ட மாதிரி ஆயிடுச்சு." படத்தைப் பார்த்துக்கொண்டார். "எட்டரையிலேர்ந்து ஒம்பது மணி வரைக்கும் எனக்கு ஒரு காபி கிடைக்காது. பேஜாரு. எனக்குக் கோவம் வரும். ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நேரம் இருக்கு, கட்டுனவனுக்கு இல்லியான்னு."

அந்த வீட்டில் எனக்குப் பிடித்துப்போன முதல் ஆள் அவர்தான்.

மற்றவர்கள் மழைமானியைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். மகளும் போனாள். கூடத்து மேஜையில் அந்த அம்மாளின் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. நீள நோட்டு. தேதி, அளவு, குறிப்பு என்று மூன்று பத்தி. குறிப்பில் காற்று, இடி என்று எழுத வேண்டும். அவர் ஆட்களை எழுதி வைத்திருந்தார். "மரக்காணம், காய்ச்சல், கடலுக்குப் போகவில்லை." "செஞ்சியில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள், ஒரு வாரம் தொந்தரவு செய்யக் கூடாது." உருண்டையான கையெழுத்து. திருத்த ஒன்றும் இல்லாத கையெழுத்து.

நான் விழுப்புரத்தைத் தேடினேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் பணி தொடங்கிய நாளுக்கு வந்தேன். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருத்தும் மையத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாலை வரை அவளிடம் என்னால் பேச முடியவில்லை. பயந்துகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தால், அவள் சாம்பார் சாதம் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தலை குளித்திருந்தாள். என் பெண் தேறிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். ஓசூருக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக இப்படி இருந்தது:

"விழுப்புரம் 8.50 வரை அளவு வரவில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறாவது முறை எடுத்தாள். இன்றோடு போதும் என்கிறாள். 12.20 வரை போனை வைக்க விடவில்லை. கடைசியில் மாடிக்குப் போய்ப் பார்த்து மழை இல்லை என்று சொன்னாள். சாப்பிட வைத்தேன். அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். இது இரண்டாவது முறை."

மறுநாள் வரியில், "விழுப்புரம், 8.30க்கே வந்துவிட்டது."

நான் தினமும் காலையில் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறவள். நாற்பது பெயர் படித்து, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று கேட்கிறவள். மழையே இல்லாத மாதத்தில் என் பெண்ணை தினம் எதற்குப் படியேற்றினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தேன்.

கணவர் பார்த்துவிட்டார். நோட்டை மூட வந்தவர், எந்தப் பக்கம் என்று கண்டதும் மூடாமல் நின்றார்.

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"இவ உங்க நம்பரைக் கேட்டா. அந்தப் பொண்ணு குடுக்கல. எந்த ஸ்கூலுன்னு விசாரிச்சு நேரா வந்து சொல்லிடறேன்னு கிளம்பினா. நான்தான் தடுத்தேன். 'நீ போயிச் சொல்லிட்டா அந்தப் பொண்ணு அப்புறம் உங்கிட்டயும் பேசாது. அப்ப யாருகிட்ட பேசும்?'ன்னேன். தப்போ சரியோ. திட்டணும்னா என்னத் திட்டுங்க. அவளத் திட்டாதீங்க."

திட்டத்தான் தோன்றியது. என் பெண், எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், இவர்கள் யார் முடிவு செய்ய? அந்தக் கோபத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்தது. மூன்றரை மணி நேரம். என் பெண் என்னிடம் அந்த வருடம் முழுக்கப் பேசியதைக் கூட்டினாலும் மூன்றரை மணி நேரம் வராது. அவள் உயிரோடு இருப்பதற்குக் காரணமான அந்த நேரத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் போனைப் போட்டது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று. படத்துக்கு முன்னால் போய் நின்றேன். நன்றி என்று சொல்லத்தான் நின்றேன். ஊதுபத்தி மட்டும் ஏற்றி வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம். ஊரைத் தாண்டியதும் என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"நோட்டப் படிச்சியா?"

"படிச்சேன்."

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று கிளம்பியது. எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. ஏன், எப்போதிருந்து, முதல் முறை எப்போது, நான் எங்கே இருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு என் கையில போன் இருந்திருந்தா எனக்குப் போட்டிருப்பியா?"

யோசித்தாள். என்னை நோகடிக்கச் சொன்ன மாதிரி இல்லை, அளவு பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மாட்டேன்."

"ஏன்டி?"

"நீ அழுவம்மா. நீ அழுதா நான்தான் உன்னத் தேத்தணும். அன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. அவங்க அழ மாட்டாங்க. 'சரி, அப்புறம்?'னு கேட்டுக்கினே இருப்பாங்க. அவ்ளோதான்."

முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இப்போது அழுதால் அவள் சொன்னது சரியாகிவிடும். இனி ஒருபோதும் சொல்ல மாட்டாள். வேறு யாரையாவது தேடிப் போவாள், அல்லது யாரையும் தேட மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டி ஒன்று போனது, அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தேன்.

"சரி, அப்புறம்?" என்றேன்.

செத்துப்போனவர் வாக்கியம். என் வாயில் அது பொருந்தவில்லை, குரல் கீச்சென்று வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க மாதிரி பண்றியா?"

"எனக்கு வேற தெரியலடி. நீ சொல்லு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிப்பது போல. பிறகு ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. விக்கிரவாண்டி சுங்கச் சாவடியில் பஸ் நின்றபோது முதல் வருடம் முடிந்திருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு இடத்திலும், "சரி, அப்புறம்?" என்றேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் பின்பக்கம் வந்து, "இன்னாம்மா, இறங்க மனசு இல்லியா?" என்றார்.

"ரெண்டே நிமிஷங்க" என்றேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.